மனை வாங்க வருகிறவர்கள் வாய்க்காலையும் பார்க்க வேண்டும்

புதுச்சேரியின் பாகூர் பக்கம் விவசாயம் ஏன் குறைகிறது என்று யாரைக் கேட்டாலும் கட்டுப்படியாகவில்லை என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எங்கள் தெருவில் நிலத்தை விற்ற பலரும் நெல் விலையைப் பார்த்து விற்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் வருகிற வழியும் வயலிலிருந்து தண்ணீர் போகிற வழியும் அடைபட்ட பிறகு, வேறு வழியில்லாமல் விற்றார்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இருப்பது ஒரு காணி. பாதியில் நெல், பாதியில் கீரை. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. அணைக்கட்டு இருப்பது தமிழ்நாட்டில், ஏரி இருப்பது புதுச்சேரியில். ஏரி மதகைத் திறந்தால் பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை. எங்கள் வயலுக்கு நேர் மடை கிடையாது. மேல்வயல் நிறைந்து, அதன் வரப்பை மண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்குக் கொத்திவிட்டால் எங்களுக்குப் பாயும். எங்களுக்கு நிறைந்ததும் அதே போலக் கீழ்வயலுக்கு விடுவோம். இந்த வழி எந்தப் புலப்படத்திலும் கோடாக இருக்காது. என் மாமனாரும் மேல்வயல்காரரும் வாய்ப்பேச்சாகவே காத்துவந்த ஏற்பாடு அது.

மேல்வயலை விற்றபோது ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை. வாய்க்கால் புறம்போக்கு எதையும் யாரும் ஆக்கிரமிக்கவில்லை. செம்மண் கொட்டி இடுப்பளவு உயர்த்தினார்கள், மனைக்கல் நட்டார்கள், தார்ச்சாலை போட்டார்கள். அந்த ஆண்டு ஏரியில் தண்ணீர் இருந்தும் எங்கள் வயல் நாற்றங்கால் விடும் நேரத்தில் காய்ந்து கிடந்தது. ஆழ்துளைக் கிணறு போடலாமே என்று சொல்கிறவர்கள் கிழக்கே கிருமாம்பாக்கம் பக்கம் போய்த் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கட்டும். கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டு வருகிறது. எல்லாரும் ஆழ்துளைக்கு மாறினால் எங்கள் பக்கமும் அது வந்து சேரும்.

மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறான துன்பம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களும் கடலூரும் ஒன்றாக மூழ்கின. அவ்வளவு பெரிய வெள்ளத்தை எந்த வாய்க்காலும் தாங்காது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் இறங்கிய பிறகு வடிகால் உள்ள வயல்களில் தண்ணீர் சீக்கிரமே வடிந்து பயிர் தலைதூக்கியது. எங்கள் சம்பாப் பயிர் நின்ற நீரிலேயே அழுகியது. புதிய மனைகளில் வீடு கட்டியவர்களும் முழங்கால் தண்ணீரில்தான் நின்றார்கள். என் வயலையும் அவர்கள் வாசலையும் மூழ்கடித்தது அடைபட்ட அதே வழிதான்.

நகரத்து ஓரத்தில் பயிர் செய்வதில் நல்லதும் நிறைய உண்டு. விடியுமுன் அறுத்த சிறுகீரையும் அரைக்கீரையும் வெயில் ஏறுவதற்குள் புதுச்சேரி நகரத்தின் குபேர் அங்காடிக்குப் போய்விடும், வாடாது. நல்லவாட்டிலிருந்து வரும் மீன்காரம்மா மீன் தலை, செதில், குடல் எல்லாவற்றையும் எனக்காக ஒரு வாளியில் எடுத்துவைப்பார். அதே எடைக்கு நாட்டு வெல்லத்தை இடித்துக் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைப்பேன். முதல் வாரம் பக்கத்தில் நிற்க முடியாது. நாற்பது நாள் போனால் நாற்றம் போய், கனிந்த பழத்தின் வாசம் வரும். நிறமும் தேன் நிறத்துக்கு மாறியிருக்கும். வடிகட்டி, பத்து லிட்டர் தெளிப்பானுக்கு நூறு மில்லி ஊற்றி அடித்தால் கீரை இலை தளதளவென்று அகலமாக வரும். கடைக்குப் போய் யூரியா வாங்குவதை நான் நிறுத்தியது இதனால்தான். நெல்லுக்குப் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ வரும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுவேன்.

ஆனால் மீன் கரைசலும் தக்கைப்பூண்டும் வடிகாலுக்கு ஈடாகாது. இயற்கை விவசாயம் பற்றிப் பேச வருகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மனைப்பிரிவின் கழிவுநீர் வயலில் இறங்கினால் நெல் கரும்பச்சையாக மதமதவென்று வளரும், பூச்சி ஏறும், கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். அந்த நீர் பாய்ந்த பாத்தியில் கீரை போட எனக்கு மனம் வராது, அதைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. சுற்றிலும் நெல் இருந்தவரை எலியும் பறவையும் எல்லார் வயலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன. இப்போது எஞ்சிய ஒரே வயலில் மொத்தமாக வந்து இறங்குகின்றன. பக்கத்து வயல் போனால் நம் வயலும் பாதி போன கணக்கு.

1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுச்சேரியில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, ஊர்களில் ஏரிச் சங்கங்கள் அமைந்தன. பெண்களுக்கும் அவற்றில் இடம் இருந்தது. ஏரியைப் பற்றிப் பேச ஊருக்கு ஒரு பொது இடம் கிடைத்தது. வரப்பு வழியாகப் பாயும் தண்ணீருக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது, வரைபடத்தில் இருக்கும் வாய்க்காலை மட்டும் பார்த்தால் போதாது. கீழே பயிர் செய்கிறவரை அழைத்து, தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சாலைக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய் போட ஆகும் செலவு, ஒரு மனையின் விலையில் மிகச் சிறிய பங்குதான்.

மனை வாங்க நினைக்கிறவர்களிடமும் கேட்கிறேன். விற்பவர் காட்டும் வரைபடத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் வந்து, அந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பக்கத்து வயலில் யாராவது நின்றால் பேச்சுக் கொடுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு மேல்மனையில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, “அக்கா, முன்பு தண்ணீர் எங்கே போகும் என்று காட்டுங்கள்” என்றார். இருவரும் நடந்து பார்த்தோம். அவர் வீட்டு மதிலுக்கும் சாலைக்கும் இடையில் இரண்டடி அகலத்துக்கு இடம் இருக்கிறது. அதில் வடிகால் வெட்ட அங்குள்ள நான்கு வீட்டார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் அவரிடம் பேசிவிட்டால், சம்பாவுக்கு முன்னால் வெட்டிவிடலாம்.