கச்சான் காற்றில் எச்டிஆர்: முட்டம் கடற்கரைக் குறிப்புகள்

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஆனி, ஆடி மாதங்களில் கேமராவைச் சோதிப்பது மழையும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றும் மட்டுமல்ல, மணலும்தான். மணவாளக்குறிச்சியை ஒட்டிய இந்தக் கரைகளில் இல்மனைட் கலந்த கருமணல் அதிகம். அதைப் பிரித்தெடுக்கும் அரசு ஆலையும் அங்கேதான் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் பேரலைகள் இலேசான மணலை வாரிக்கொண்டு போய்விட, கனமான கருமணல் பட்டை பட்டையாகக் கரையில் தங்கிவிடுகிறது. இடையிடையே கார்னெட்டின் செம்மை. நனைந்த அந்தக் கறுப்பின் மேல் வெள்ளை நுரை வந்து விரிவது கண்ணுக்கு விருந்து, சென்சாருக்குத் தலைவலி. நுரைக்கு அளந்தால் மணல் தாராகிவிடும்; மணலுக்கு அளந்தால் நுரையும் வானமும் வெளுத்துவிடும். வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கும் எச்டிஆர் பக்கம் நான் வந்தது இந்தத் தலைவலியால்தான்.

மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நேரத்தில் எச்டிஆருக்கு வேலையே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புயல் வானம் என்றதும் ஒளி வேறுபாடு அதிகம் என்றுதான் தோன்றும். ஆனால் வானம் முழுக்க மூடிக் கிடந்தால் ஒளி எல்லாப் பக்கமும் சீராகப் பரவுகிறது. படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் நடுவிலேயே குவிந்து நிற்கிறது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஒரே ரா கோப்பு தாராளமாகப் போதும். அப்படிப்பட்ட காட்சியையும் மூன்று படமாக எடுத்து இணைத்து, இல்லாத இடி முழக்கத்தை வானத்தில் வரவழைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உண்மையான வேலை மாலை ஆறு மணிக்கு மேல், மேகத்தின் அடிவிளிம்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கீற்று திறந்து, மேற்கிலிருந்து வெயில் பாயும்போது வருகிறது.

அந்த நேரத்தில் அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப்/8, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100 வைத்து, ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் அளந்து பார்த்தேன். மேக விளிம்புக்கு மீட்டர் 1/2000 நொடி காட்டியது. பாறை நிழலில் நனைந்து கிடந்த கருமணலுக்கு 1/8 நொடி. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு; இங்கே எட்டு ஸ்டாப் வித்தியாசம், அதாவது 256 மடங்கு. இதுவும் முழுக் கணக்கு அல்ல. மேகத்தின் வெண்மையில் உள்ள மடிப்புகளும் மணலின் கறுப்பில் உள்ள மினுக்கமும் தெரிய வேண்டுமானால் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டிரண்டு ஸ்டாப்பாவது சேர்க்க வேண்டும். நடுத்தர அளவு சென்சார் கொண்ட என் ஏபிஎஸ்-சி கேமரா காகிதக் கணக்கில் இதைத் தொட்டுவிடும்தான். ஆனால் நிழலை ஐந்து ஸ்டாப் தூக்கிய பிறகு மணலில் எஞ்சுவது சிவப்பும் பச்சையுமான இரைச்சல் புள்ளிகள்.

ஆகவே எல்லோரும் சொல்லும் வழியில் தொடங்கினேன். அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் மாறாது. ஷட்டர் மட்டும் இரண்டு ஸ்டாப் குறைவு, சரியளவு, இரண்டு ஸ்டாப் கூடுதல் என்று மூன்று படங்கள். ஹகின் மென்பொருளோடு வரும் கருவியால் அவற்றை நேர்ப்படுத்தி, என்ஃப்யூஸ் என்னும் இணைப்பு மென்பொருளில் இணைத்தேன். பாறைகள் பிரமாதமாக வந்தன. வெடிப்புகளில் ஒட்டியிருந்த பாசிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

கடல்தான் வரவில்லை. திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வானத்துக்கான படத்தில் ஷட்டர் வேகம் அதிகம். அலை முகடு சில்லுச் சில்லாக உறைந்து நிற்கிறது. நடுப்படத்தில் அதே நீர் நூல் நூலாக இழுபட்டிருக்கிறது. மணலுக்கான படத்தில் வெறும் பால் வெள்ளம். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததில் நுரையின் ஓரம் மூன்று கோடுகளாக, மூன்று இடத்தில் தெரிந்தது. அசைவை நீக்கும் வசதி உள்ள வேறொரு மென்பொருளில் போட்டால், அது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நுரை கத்தரித்தாற்போல நின்றுவிடுகிறது. இதற்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ஃப்யூஸின் அடிப்படையான, 2007இல் மெர்டன்ஸ் குழுவினர் வெளியிட்ட முறை, ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படத்தில் கூர்மையும் நிறச் செறிவும் ஒளியளவும் நன்றாக இருக்கின்றன என்று பார்த்து எடை போடுகிறது. இது ஒரே அலையா, வேறு வேறு அலையா என்பது அதன் கவலை அல்ல. கவலைப்பட வேண்டியது எடுப்பவர்தான்.

இதற்கு விடை கணினிக்கு முந்தைய காலத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ க்ரே 1850களில் கடலைப் படம் எடுத்தபோது அவருக்கும் இதே தொல்லைதான். கொலோடியன் என்னும் கரைசல் பூசிய அன்றைய கண்ணாடித் தகடு நீல ஒளியை மிகையாக உணரும். கடலுக்கு அளந்தால் வானம் வெற்றுக் காகிதமாகிவிடும். அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் அடிவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் பிரான்சின் தெற்குக் கரையில், செட் துறைமுகத்தில் அவர் எடுத்த பேரலைப் படம் அப்படி உருவானதுதான். ஒரே வானத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களுக்குப் பொருத்தியும் இருக்கிறார். அந்த அளவுக்கு நான் துணியவில்லை. ஆனால் அவர் செய்யாத ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு கடல்களை அவர் கலக்கவே இல்லை. கடல் முழுவதும் ஒரே நொடிக்குச் சொந்தமாக இருந்தது.

இப்போது என் முறை இது. ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டி, எஃப்/11, ஐஎஸ்ஓ 100. முதலில் வானத்துக்கு 1/60 நொடி. பிறகு கடலுக்கு 1/4 நொடி. இதை மட்டும் அலை பின்வாங்கும் தருணத்துக்காகக் காத்திருந்து, நிறைய எடுத்துக்கொள்கிறேன். கருமணலின் மேல் நுரை நூல்களாகப் பிரிந்து இறங்குவது இந்த வேகத்தில்தான் அழகாக வருகிறது. 1/15இல் அரைகுறை, ஒரு நொடியில் மூடுபனி. கடைசியாகப் பாறை நிழலுக்கு ஒரு நொடி. ஜிம்ப் மென்பொருளில் லேயர்களாக அடுக்கி, எந்தப் படத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று காட்டும் மாஸ்க்கைக் கையால் தீட்டுகிறேன். வானம் முதல் படத்திலிருந்து, பாறை மூன்றாவதிலிருந்து, நீர் தொட்ட இடம் அத்தனையும் நடுப்படத்திலிருந்து மட்டும். பாறையும் நீரும் சந்திக்கும் விளிம்பில் மெல்லிய தூரிகை வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது ஒன்றுதான்.

வானப் படத்தை முதலில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. சாரல் நிற்காமல் அடிக்கிறது. ஃபில்டரில் உப்புத்துளி விழுந்தால் வானத்தில்தான் கண்ணை உறுத்தும், கடலில் தெரியாது. துடைத்த கையோடு வானம், அதன் பிறகு மற்றவை. துடைப்பதும் முதலில் நன்னீரில் நனைத்த துணியால், பிறகுதான் உலர்ந்த துணியால். காய்ந்த உப்பை அப்படியே தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

இந்த முறை கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. பாறையில் மோதிய அலை அடிவானத்துக்கு மேலே எழுந்து, வானத்தின் முன்னால் சிதறும் காட்சி. முட்டத்துக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்பதே அந்தப் படத்தைத்தான். கடலுக்கு அளந்த படத்தில் பின்னால் இருக்கும் வானம் நான்கு ஸ்டாப் மிகை. வெள்ளையின் முன்னால் வெள்ளைத் திவலை காணாமலே போகிறது. வானப் படத்திலோ வேறு அலை. இங்கே லெ க்ரேயின் அடிவானக் கோடு உதவாது.

அதற்கு வேறு வழி பிடித்தேன். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஃப்/8இல் 1/500 நொடி, வானம் வெளுக்காத அளவில் ஒரே அளவாகத் தொடர்ச்சியாகச் சுடுவது. திவலை நன்றாக எழுந்த ஒரு படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அலைக்கும் வானத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். இருண்டு கிடக்கும் பாறைக்கு மட்டும் ஒன்பது படங்களின் சராசரி. ஒன்பதைச் சராசரி எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பிறகு நிழலைத் தாராளமாகத் தூக்கலாம். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் கட்டுரையாக விளக்கிய, கைப்பேசி கேமராவுக்கான எச்டிஆர் பிளஸ் முறையின் அடிப்படையும் இதுதான்: வெவ்வேறு ஒளியளவுக்குப் பதிலாக, ஒரே குறைந்த அளவில் பல படங்கள். கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வதை நான் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து செய்கிறேன். ஆனால் எந்த அலை என்று நான் தேர்ந்தெடுக்கிறேன்.

கேமராவைத் தாங்கும் முக்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஈர மணலில் நட்டால், அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் இருந்து மணலை உருவிக்கொண்டு போகிறது. மூன்றாவது படத்துக்குள் அடிவானம் சாய்ந்துவிடும். மூன்று சிரட்டைகளை மணலில் அழுத்தி, அவற்றுக்குள் கால்களை ஊன்றினால் தாங்குகிறது. நடுத்தண்டைத் தூக்கக் கூடாது. பையைத் தொங்கவிட்டால் அது காற்றில் ஊஞ்சலாடாமல் தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும்.

நிறம் சேர்ப்பதில் எனக்குப் பாடம் எடுத்தவர் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கச்சான் அடிக்கும்போது கடல் கலங்கி மண் நிறத்தில் அல்லவா கிடக்கும்? இந்த நீலத்தை எங்கே வாங்கினாய்?” என்று கேட்டார். தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தேன். கலங்கிய பழுப்பும் பச்சையும். அன்று முதல் வெண்சமநிலையை (ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்வது) கேமராவின் தானியங்கியில் விடுவதில்லை. நிறச் செறிவுப் பட்டையைத் தொடுவதும் இல்லை. பாறையைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் எழுந்தால் அருகருகே உள்ள இடங்களின் ஒளி வேறுபாட்டைக் கூட்டியது அதிகம் என்று பொருள், பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

நிற்கும் இடத்தில் மட்டும் சமரசம் இல்லை. 2024 மே மாதம், இதே கரையில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. தொலைதூரத் தென்கடலில் பிறந்து வரும் அந்த அலைக்கு இங்கே காற்றோ மழையோ வேண்டியதில்லை. அமைதியான கடலில்கூட திடீரென்று ஏறி வரும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. போனதும் கால் மணி நேரமாவது மேட்டிலிருந்து கடலைப் பார்க்கிறேன். ஈரமாக இருக்கும் பாறையில் ஏறுவதில்லை. ஈரம் என்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது.

அடுத்து எடுக்க நினைப்பது கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கும் அந்தி நேரத்தை. விளக்கு, கருமணல், கடைசி வெளிச்சம் மூன்றையும் ஒரே சட்டத்தில் கொண்டுவர வேண்டும். விளக்கின் ஒளிக்காகத் தனியாக ஒரு வேகமான படம் தேவைப்படும். அதை ஜூலைக்குள் முடித்துவிட வேண்டும். மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31உடன் முடிகிறது; பிறகு விசைப்படகுகள் விளக்கேற்றிக்கொண்டு வரிசையாகக் கடலில் இறங்கிவிடும். நான் வானத்தையும் கடலையும் ஒட்டுப்போடும் அடிவானக் கோட்டில்தான் அவை ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி நிற்கும்.