காலையில் போட்ட ஒரே ஒரு மாத்திரை

மூன்று வருடமாக நாலு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு வரை அடைக்கும், ஏப்பம் நிற்காது. எண்டோஸ்கோபி எடுத்ததில் வயிற்றில் குடியிருக்கும் எச். பைலோரி என்ற கிருமி என்று தெரிந்து 14 நாள் கூட்டு மருந்து கொடுத்தார்கள். கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என்று இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தைக் குறைக்க பான்டோப்ரசோல், காலையும் இரவும்.

கிளாரித்ரோமைசின் போட்டால் காபி குடித்தாலும் பழைய காசைச் சப்புகிற மாதிரிதான் இருக்கும். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு வேறு. பாதியில் விட்டுவிடாதீர்கள், தப்பிப் பிழைக்கிற கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதில் சிலவற்றை இதோடு சேர்க்கவே கூடாது. என்னிடம் அதைக் கேட்டது மருந்துக்கடைக்காரர்தான்!

சரி, இதெல்லாம் பரவாயில்லை. கிருமி போனதா என்று பார்க்க ஒரு மாதம் கழித்து மூச்சுப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், அதை மட்டும்தான் சொன்னார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி மதுரைக்குப் போய், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஊதுகிற பையை வாயில் வைக்கப் போகும்போது பரிசோதனை எடுக்கிற பெண் கேட்கிறார், "கேஸ் மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா சார்?"

"ஆமாம்மா, தினமும் காலையில பான்டோப்ரசோல்." எரிச்சல் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் நானே தொடர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப இன்னைக்கு முடியாது சார். ரெண்டு வாரம் நிறுத்திட்டு வாங்க."

தேதி கொடுத்தவரிடம் போய்க் கேட்டால் "சீட்டுல போட்டிருக்குமே" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். சீட்டில் தேதியும் கட்ட வேண்டிய தொகையும்தான் இருந்தன.

அந்த மாத்திரை உள்ளே இருந்தால் கிருமி அடங்கிக் கிடக்குமாம், இருந்தாலும் இல்லை என்று முடிவு வந்துவிடும். ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரம், பான்டோப்ரசோல் நிறுத்தி 2 வாரம் ஆன பிறகுதான் ஊத வேண்டும். தேதி வாங்கும்போதே இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேசாமல் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடேன் என்றான் மச்சான். அது இதற்கு உதவாது, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டு வாரமும் நெஞ்செரிச்சல் வட்டியோடு வந்தது. ஜெலுசில் மாதிரி சிரப் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதால் ஓட்டினேன். மறுபடி போய் ஊதி, யூரியா கலந்த தண்ணீரைக் குடித்து, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் ஊதினேன். நெகட்டிவ்.

உப்புசம் முழுசாகப் போய்விடவில்லை, கிருமி போனாலும் சிலருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். ஆனால் போன ஞாயிறு சால்னா ஊற்றி இரண்டு பரோட்டா சாப்பிட்டேன், வந்தது ஒரே ஒரு ஏப்பம்.