ஏழாவது தையல்

கருப்பை நீக்க அறுவை சிகிச்சை முடிந்த ஆறாம் நாள், அம்மாவின் ஏழாவது தையலைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. தொட்டால் கொதித்தது. மறுநாள் பஞ்சில் மஞ்சளாகச் சீழ். "ஒன்றுமில்லையடா, லேசாக எரிகிறது" என்றார் அம்மா. எனக்குத்தான் கை நடுங்கியது.

எதனால் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு சவரக் கத்தியால் வயிற்றை மழித்தது என் கண்ணிலேயே நிற்கிறது. கத்தி போடும் நுண்ணிய கீறல்களில் கிருமி குடியேறும். முடியை அகற்றியே தீர வேண்டுமென்றால் கிளிப்பர் எனும் முடிவெட்டும் கருவி மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே வலியுறுத்தியிருக்கிறது. ஒரு கிளிப்பர் வாங்க எவ்வளவு செலவாகிவிடும்?

கை கழுவுவதன் அருமையை வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காட்டியது 1847-இல். குளோரின் கரைசலில் மருத்துவர்கள் கை கழுவத் தொடங்கியதும் பிரசவ வார்டில் சாவு மளமளவென்று குறைந்தது. இங்கோ, கட்டுப் பிரிக்க வந்தவர் பக்கத்துக் கட்டில் நோயாளிக்குப் பயன்படுத்திய அதே கையுறையோடு அம்மாவிடம் வந்தார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்: "சிஸ்டர், கையுறையை மாற்றிக்கொள்ளுங்கள்." முகம் சுளிக்காமல் மாற்றிக்கொண்டார்.