கேள்வியை விட்டுவிட்டு முதலில் தவறுகளைச் சேகரியுங்கள்

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுப்பாடத்துக்கான இணையப் பயிற்சிகளை எச்5பி (H5P) என்ற மென்பொருளில் தயாரிப்பதும் என் பொறுப்புதான். இதே வேலையில் இறங்கும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கேள்வி எழுத உட்காரும் முன் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டுங்கள். நல்ல பயிற்சிக்கு வேண்டியதெல்லாம் அங்கே சிவப்பு மையில் இருக்கிறது.

ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளை 'நான் பசிக்கிறேன்' என்று எழுதும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதைப் பழக்க ஒரு கேள்வி வைத்தால், தவறான ஆப்ஷன்களில் அந்த 'நான் பசிக்கிறேன்' கட்டாயம் இருக்க வேண்டும். யாரும் சொல்லாத 'என்னோடு பசிக்கிறது' போன்றவற்றை இட்டு நிரப்பினால் பிள்ளை யோசிக்காமலே சரியானதைத் தொட்டுவிடும். தவறாகத் தொட்டால் 'தவறு' என்று மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள். 'பசிக்கும், பிடிக்கும், தெரியும் எல்லாவற்றுக்கும் எனக்கு என்றுதான் வரும்' என்று ஒரே வரி போதும். அடுத்த கேள்வியிலேயே 'அவளுக்கு நீச்சல் தெரியும்' வரட்டும்.

கோடிட்ட இடம் நிரப்புவதில்தான் தமிழுக்கே உரிய சிக்கல்கள். எச்5பி-யில் விடையை இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுதுவோம். மாற்று விடைகளைச் சாய்கோடு போட்டுச் சேர்க்கலாம். 'நான் ____ போனேன்' என்றால் 'கடைக்குப்', 'கடைக்கு' இரண்டையும் கொடுங்கள். ஒற்று மிகுவது அன்றைய பாடமில்லை என்றால் அதற்காக மதிப்பெண் குறைப்பது நியாயமே இல்லை. 'பௌர்ணமி' போன்ற சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் 'ள'வும் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு அது வேறு சொல். அந்த வடிவத்தையும் மாற்று விடையாகச் சேர்த்துவிடுங்கள்.

சிறு எழுத்துப்பிழைகளை ஏற்கும் வசதி ஒன்று எச்5பி-யில் உண்டு. தமிழுக்கு அதை அணைத்தே வையுங்கள். மூன்று முதல் ஒன்பது குறியீடுகள் உள்ள சொல்லில் ஒரு பிழையை அது விட்டுவிடும். கணினிக்கு 'கறி'யில் க, ற, இகரக் குறி என மூன்று குறியீடுகள். 'கறி' என்று கேட்ட இடத்தில் 'கரி' என்று எழுதினாலும் பச்சை டிக் விழும். 'வழி'க்கு 'வலி'யும் அப்படித்தான். நாம் சொல்லிக்கொடுக்கப் போராடும் வேறுபாடே அதுதானே!

சொற்களை வரிசைப்படுத்தும் பயிற்சியில் 'நேற்று நான் கடைக்குப் போனேன்', 'நான் நேற்று கடைக்குப் போனேன்' இரண்டுமே சரி. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ஹாட் பொட்டேட்டோஸ் என்ற பயிற்சி தயாரிக்கும் மென்பொருளில், சொற்களை வரிசைப்படுத்துவதற்கான ஜேமிக்ஸ் (JMix) பகுதியில் இப்படி மாற்று வரிசைகளைப் பதிந்துவைக்கலாம்.

தட்டச்சு பழகாத சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லை இழுத்து வைக்கும் பயிற்சியே நல்லது. அப்புறம், பயிற்சியை அனுப்பும் முன் ஒரு பிள்ளையிடம் போனைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் எதுவும் சொல்லித்தராதீர்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அந்தக் கேள்வியைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.