எருமைப் பாலில் ஐஸ் காப்பி நுரை

மலேசியாவில் ஈப்போ பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த ஓர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து கரூர் வழியாகக் கார். "உனக்கென்னம்மா, தமிழ்நாட்டுக்குத்தானே போகிறாய்" என்று எல்லோரும் தைரியம் சொல்லி அனுப்பினார்கள். மொழி, சாமி, சாப்பாடு எல்லாம் பழகினதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் பாஸ்போர்ட் வேறு. விசா, வெளிநாட்டவர் பதிவு, கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் முடிந்தால்தான் வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு இங்கேயே தங்க வழிசெய்கிற ஓசிஐ அட்டைக்கு மனுப் போடலாம் என்கிற காத்திருப்பு, இத்தனையும் உண்டு. எனக்கு இது புது நாடுதான். அந்த அலைச்சலை எழுதினால் அது தனிக் கதையாகிவிடும். இங்கே வந்து நான் முழுக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டது பால். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஈப்போவின் வெள்ளைக் கோப்பி பலரும் கேள்விப்பட்டதுதான். கொட்டையை மார்ஜரின் சேர்த்து வறுப்பார்கள். அதில் ஊற்றுவது டின் பால். கெட்டியான இனிப்புப் பாலோ, இனிப்பில்லாத ஆவிப் பாலோ, எதுவானாலும் டின்தான். ஐஸ் போட்டுக் குடிப்பது அங்கே அன்றாடப் பழக்கம். படிக்கிற காலத்தில் ஒரு கஃபேயில் பகுதி நேரம் வேலை பார்த்தேன். குளிர்ந்த காப்பியின் மேல் குளிர்ந்த பால் நுரையை மெத்தென்று ஊற்றுவதை அங்கேதான் கற்றேன். ஸ்டார்பக்ஸ் 2018-இல் அமெரிக்கக் கடைகளில் பரவலாக இறக்கிய பிறகு உலகமெங்கும் பரவிய பழக்கம் அது. அங்கே கொழுப்பெடுத்த பால் பெட்டி பெட்டியாக வரும். திறப்போம், ஊற்றுவோம், அடிப்போம். பால் எப்படி இருக்கிறது என்று யோசிக்கவே வேலை இருக்காது.

இங்கே வீட்டுக்குப் பின்னால் கட்டுத்தரை. அதில் எருமைகள். விடிவதற்குள் மாமா பால் கறந்து, வீட்டுக்கு வேண்டியதை ஒரு போசியில், அதாவது பாத்திரத்தில், ஊற்றி வைத்துவிட்டு, மீதியைப் பால் கூட்டுறவுச் சொசைட்டிக்குக் கொண்டு போவார். கறக்கும்போது நுரை ததும்பி வழிகிற மாதிரி எழும்பும். வாசலைத் தாண்டி அடுப்படிக்கு வருவதற்குள் அது அடங்கிவிடும். சொசைட்டியில் தருகிற சீட்டில் இரண்டு எண் இருக்கும். ஒன்று ஃபேட்டு, இன்னொன்று எஸ்என்எஃப், அதாவது கொழுப்பு போக மிச்சமிருக்கிற திடப்பொருள். இரண்டையும் வைத்துத்தான் விலை. மாமா சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, முதலில் ஃபேட்டைத்தான் பார்ப்பார். ஏறியிருந்தால் அன்றைக்கு முகமே வேறு. எருமைக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு என்று பார்த்துப் பார்த்துப் போடுவதெல்லாம் அந்த எண்ணுக்காகத்தான்.

என் நுரைக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண். அதற்குள்தான் புரதம் இருக்கிறது. பாலை அடிக்கும்போது உள்ளே போகிற காற்றைக் குமிழி குமிழியாகச் சுற்றிப் பிடித்துக்கொள்வது புரதம். கொழுப்பு அந்த மெல்லிய சவ்வுக்கு நடுவில் புகுந்து அதை உடைக்கும். எருமைப் பாலில் கொழுப்பு ஆறு, ஏழு சதவீதம் இருக்கும். காய்ச்சி ஆறவைத்து, ஏட்டோடு கலக்கி, குளிரக் குளிர அடித்தால் முதலில் கொஞ்சம் நுரைத்து, அப்புறம் சப்பென்று உட்கார்ந்துவிடும். விடாமல் அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பொடி வெண்ணெய் திரளும். ஐஸ் காப்பியில் அது மிதந்தால் வாயில் பிசுபிசுவென்று ஒட்டும். சூடான காப்பிக்கு எருமைப் பாலை அடித்துக்கொள்ள வேறொன்றும் கிடையாது, அதை அடித்துச் சொல்வேன். குளிர்ந்த நுரைக்கு மட்டும் அது சரிப்படாது.

அப்படியானால் இந்த வீட்டில் கொழுப்பில்லாத பாலுக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டியதில்லை. அத்தை அதைத் தினமும் செய்துகொண்டுதான் இருந்தார். பாலை நன்றாகப் பொங்கவிட்டு, அடுப்பைக் குறைத்து இன்னும் கொஞ்ச நேரம் காயவிட்டு, ஆறினதும் பிரிட்ஜில் வைப்பார். காலையில் எடுத்தால் மேலே ஏடு தடிமனாகப் படர்ந்திருக்கும். கரண்டிக் காம்பால் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு போட்டு, ஒரு பக்கத்தில் மெல்லத் தூக்குவார். கிழியாமல் ஒரே வட்டமாகச் சுருண்டு வரும். அடிப்பக்கம் மஞ்சள் கலக்காத வெள்ளை. அதை ஜாடியில் போட்டு, உறைமோர் விட்டுச் சேர்த்து வைத்து, ஜாடி நிறைந்ததும் சிலுப்பி வெண்ணெய் எடுப்பார். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் வந்ததும் இந்தக் கொங்கு எருமைப் பாலால்தான். இந்தப் பக்கத்து வீடுகளில் ஏடு எடுப்பதும் வெண்ணெய் சிலுப்புவதும் இன்னும் விட்டுப்போகவில்லை.

ஏடு போனபின் போசியில் நிற்கிற பால்தான் எனக்கு வேண்டிய பால். கொழுப்பு முழுக்கப் போய்விடாது. ஆனால் பெரும்பகுதி ஏட்டோடு போய்விடுகிறது. புரதம் பெரும்பாலும் கீழேயே நிற்கிறது. வெண்ணெய்க்காகச் செய்கிற வேலை நுரைக்கும் ஆகிறது. இது தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! இந்த வீட்டு அடுப்படியில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்ததுபோல இருந்தது.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு அறுபது, எழுபது மில்லி பால் போதும். வடிகட்டி, ஒரு உயரமான டம்ளரில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் பிரீசரில் வைத்து எடுக்க வேண்டும். ஓரத்தில் ஐஸ் கட்டத் தொடங்கினால் சரியான பக்குவம். நான்கைந்து டிகிரிக்கு மேலே போனால் நுரை தளரும். பேட்டரியில் சுழல்கிற கை விஸ்க்கை முதலில் பாலின் மேல்மட்டத்தை ஒட்டிப் பிடித்தால் காற்று உள்ளே இழுக்கும், சர்ரென்று சத்தம் கேட்கும். அளவு ஒன்றரை மடங்கு ஏறியதும் விஸ்க்கை அடிக்கு இறக்கிச் சுற்றவிட்டால் பெரிய குமிழிகள் உடைந்து நுரை நைசாகும். டம்ளரை மேடையில் இரண்டு தட்டுத் தட்டிச் சாய்த்தால் கொழகொழவென்று வழிய வேண்டும். கட்டியாக விழுந்தால் அடித்தது அதிகம். பால் கொஞ்சம் தண்ணியாக இருக்கிற நாளில் கொழுப்பெடுத்த பால் பவுடர் ஒரு டீஸ்பூன் கலந்துகொள்வேன். புரதம் கூடும், நுரை நின்று பேசும். மிக்சியில் அடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பால் சூடாகிவிடுகிறது, கொழுப்பு மிச்சமிருந்தால் வெண்ணெயாகவும் திரள்கிறது. மிக்சியைவிட மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்குவது மேல். ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன், கறந்த பாலைக் காய்ச்சாமல் இதற்கு எடுக்காதீர்கள்.

கோயமுத்தூர், திருப்பூர் அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு எருமை ஏது, பாக்கெட்தான். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நம் ஆட்கள் காப்பிக்குப் பச்சையோ ஆரஞ்சோ தேடுவார்கள், அது நியாயம். நுரைக்கு நீலம் எடுங்கள். டபுள் டோன்டு என்கிற, இருமுறை கொழுப்புக் குறைத்த பால் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் கொழுப்பு 1.5 சதவீதம்தான், கொழுப்பல்லாத திடப்பொருள் 9 சதவீதம். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற பிரெஷ் கிரீமை வாங்கி, நுரைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அதில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும், கெட்டியாக எழும்ப முப்பதுக்கு மேல் வேண்டும். கிரீம் எழும்புகிற விதமே வேறு. அங்கே கொழுப்புதான் ஒன்றோடொன்று கைகோத்துக் காற்றைப் பிடிக்கிறது. பாதிக் கொழுப்போடு நிற்கிற பாலுக்கு இரண்டு வழியும் கிடையாது.

இனிப்புக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு, எங்களுக்குக் கூப்பிடு தூரம். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, தளர்ந்த பாகாகக் காய்ச்சி, பிரிட்ஜில் வைத்துக்கொள்வேன். கொதிக்கிற பாலில் நாட்டுச்சர்க்கரை போட்டால் சில நேரம் திரிந்துவிடும், குளிர்ந்த பாலில் அந்தப் பயம் இல்லை. பாகைக் கடைசியில் சேர்த்து இன்னும் ஒரு சுற்று. நுரை இளஞ்சந்தன நிறத்துக்கு வரும், சீக்கிரம் உடையவும் உடையாது. இரண்டு விரலால் கிள்ளின உப்பும் போடலாம். ஈப்போவில் குலா மெலாக்கா என்கிற அந்த ஊர் வெல்லம் போட்டுச் செய்ததைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அடியில் இருக்க வேண்டிய காப்பி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு, நீலகிரி, வால்பாறை என்று மலைகள் சுற்றி நிற்கிற நாடு இது. கொட்டையைக் கண்முன்னே அரைத்துத் தருகிற கடைகள் கோபியிலும் ஈரோட்டிலும் உண்டு. பில்டரில் இறங்குகிற முதல் டிகாஷனை ஆறவைத்து ஐஸ்மேல் ஊற்றுவதென்றால் எண்பதுக்கு இருபது சிக்கரி இருக்கட்டும். ஐஸ் கரைந்தாலும் காப்பி கெட்டி குறையாது. இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைப்பதென்றால் சிக்கரி வேண்டாம், கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் "பில்டருக்கு ஆகாதுங்க, தண்ணி நிக்காம எறங்கிரும்" என்பார். பரவாயில்லை என்று வாங்கி வாருங்கள்.

சித்திரை வெயிலில் பொழுதோட ஒரம்பரை, அதாவது சாயங்காலம் சொந்தக்காரர்கள், வந்தால் இப்போது ஐஸ் காப்பிதான். முதல் தடவை கலக்கியபோது அத்தை பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஏனம்மிணி, காப்பித்தண்ணிய இப்பிடிச் சில்லுனு குடிச்சா சளி புடிக்காதா?"

"எங்க ஊர்ல தினமும் இதுதானுங்கத்தை."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு நாள் விஸ்க்கில் பேட்டரி தீர்ந்திருந்தது. அத்தை சின்ன மத்தை எடுத்துக் கழுவி, போசியை இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து, உள்ளங்கைகளுக்கு இடையே மத்தை உருட்டத் தொடங்கினார். முழங்கை அசையவே இல்லை, மணிக்கட்டு மட்டும்தான். மத்தின் தலை பாதி பாலுக்கு உள்ளே, பாதி வெளியே. மோருக்கு முழுக்க அமுக்குவார், இதற்கு மேலாகவே பிடித்திருந்தார். விஸ்க் நுரைபோல அவ்வளவு நைசாக வராது, குமிழி கொஞ்சம் பெரிது. ஆனால் நன்றாகவே நின்றது. "ஏடெடுத்த பாலுல நொரை நெம்ப நேரம் நிக்குமம்மிணி, அது தெரிஞ்சதுதான்" என்றார். எனக்குக் கஃபேயில் சொல்லித் தந்ததெல்லாம் அவர் கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அத்தைக்கு ஐஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அதே ஏடெடுத்த பாலைச் சூடாக்கி நுரைத்துத் தருகிறேன். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் விரல் வைத்தால் உடனே எடுக்கத் தோன்றுகிற சூடு, அறுபது அறுபத்தைந்து டிகிரி, அதோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும். எழுபதைத் தாண்டினால் காய்ந்த பால் வாடை ஏறும், நுரையும் தளரும். டபராவில் காப்பியை ஆற்றி டம்ளரில் ஊற்றிவிட்டு, மேலே அந்த நுரையை ஒரு கரண்டி. நாட்டுச்சர்க்கரை அவருக்குக் கொஞ்சம் தூக்கலாக வேண்டும், அதைக் காப்பியிலேயே கலந்துவிடுவேன்.