தொட்டியில் வற்றிய தண்ணீருக்கு

இன்று காலை மீன்தொட்டியைத் துடைக்கும்போது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடு. விரலால் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கிறது. உப்புப் படிவுதான். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் தொட்டியிலேயே தங்கிவிடும். வற்றிய அளவுக்குக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் உப்புகளை வடிகட்டி நீக்கிய ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறேன், மெதுவாக.

ஆனால் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றும்போது வெறும் ஆர்ஓ வேண்டவே வேண்டாம். கார்பனேட் குறைந்துபோனால் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, நிலையாக நிற்காது. இறாலும் நத்தையும் பாவம், ஓட்டுக்குக் கால்சியம் இல்லாமல் தவிக்கும். தாது உப்பு கலந்தே ஊற்றுங்கள். அப்புறம், வற்றியதை நிரப்பினால் தண்ணீர் மாற்றியதாக ஆகாது. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் அப்படியேதான் இருக்கும்.