நிறைவேறாத நேர்ச்சைக்கும் ஒரு காணிக்கை

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 பெருவிழா வரை வேளாங்கண்ணியில் கால் வைக்க இடம் கிடைக்காது. அந்த நெரிசல் அம்மாவுக்கு ஆகாது என்பதால் நவம்பரில் போனோம். அப்பா இறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் போன பயணம்.

திருப்பலி முடிந்ததும் காணிக்கைப் பொருள்கள் வைத்திருக்கும் காட்சியகத்துக்குப் போனோம். வெள்ளியில் கண், கை, கால், குழந்தைக்காக ஏங்கியவர்கள் வைத்த தொட்டில், வீடு கட்டியவர்கள் வைத்த குட்டி வீடு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தூக்கம் கெட்ட இரவுகள் இருந்திருக்கும். நன்றி சொல்ல வந்தவர்கள் பட்ட பாட்டையும் மறைக்காமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கேட்டது கிடைத்தவர்கள்தான் அங்கே பேசுகிறார்கள். கிடைக்காதவர்களுக்கு எந்த அலமாரி?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி இந்த ஊரில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பதை அற்புதமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். கடற்கரையில் நின்றவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே என்று கேட்காமல் என்னால் அதைக் கடந்துபோக முடிவதில்லை. நல்லவேளை, அவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே செபிக்கிறார்கள்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். மீன் வறுக்கும் கடைகளின் புகை நடுவே எனக்கு இயேசுவின் சீடர் பேதுருவின் நினைவு வந்தது. யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, தலைமைக் குருவின் முற்றத்தில். அதில் குளிர் காய்ந்துகொண்டுதான் பேதுரு இயேசுவைத் தெரியாது என்றார். மற்றொன்று, உயிர்த்த பிறகு ஏரிக்கரையில், மீனும் அப்பமுமாக இயேசுவே மூட்டி வைத்திருந்தது. மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை ‘என்மீது அன்பு உண்டா’ என்று கேட்கிறார். பேதுரு மனம் வருந்தினார் என்றும் எழுதியிருக்கிறது. வேறு எங்கேயாவது வைத்து, பழையதை எடுக்காமலேயே மன்னித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ‘என் ஆடுகளை மேய்’ என்று தம் மக்களைக் காக்கும் பொறுப்பு அந்தக் கெட்ட நினைவின் மேலேயே ஏற்றி வைக்கப்படுகிறது. குணமாவது என்றால் மறந்துபோவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

அப்பாவின் சிறுநீரகம் சரியானால் வெள்ளியில் உருவத் தகடு வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். சரியாகவில்லை. திரும்பும் வழியில் கடையில் நின்று அந்தத் தகட்டை வாங்கினார்.

“அவர் பிழைத்தால் தருகிறேன் என்றுதானே நேர்ந்துகொண்டாய்?” என்றேன்.

“ஆமாம். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம்? அதற்கெல்லாம் நான் ஒன்றும் போடவில்லையே.”

உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மறுத்துச் சொல்லவும் ஒன்றும் இல்லை. நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறியதும், மாதா குளம் வரை சிலுவைப்பாதை மணலில் அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போனதைச் சொல்லத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே வந்தவர், அப்படியே ஆஸ்பத்திரியின் கடைசி வாரத்துக்கும் வந்துவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. நாகப்பட்டினம் வந்த பிறகும் பேச்சு முடியவில்லை. அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டு டீ வாங்கிக் குடித்தோம்.